காதிலிருந்து கணிப்பொறிக்கு

அறிவியலாளர் ஒருவரைப் பற்றி எழுதுவதென்றால் கல்லூரி ஆண்டு மலர்களில் வழக்கமாக இடம் பெறுவோர் சர் சி. வி. இராமன், கணித மேதை இராமானுஜன், மேரி கியூரி அம்மையார் ஆகியோரே. அவர்கள் போற்றுதற்குரியவர்கள் என்பதில் ஐயமில்லை. ஆயினும், நாம் விழித்தது முதல் உறங்கும் வரை கையில் வைத்துத் தட்டிக் கொண்டிருக்கிற கைப்பேசிக்குப் பின்னால் ஓர் உலகளாவிய வலைப்பின்னல் இருக்கிறதே, அப்படி ஒன்று வேண்டும் என்று முன்கூட்டியே நினைத்தவர் யார் என்று என் வகுப்பு நண்பர்கள் சிலரைக் கேட்டேன். ஒருவர் பில் கேட்ஸ் என்றார். இன்னொருவர் கூகுள் என்றார், அது மனிதர் பெயர் அன்று என்பதையும் மறந்து. எனவே இம்முறை அமெரிக்க அறிஞர் ஜே. சி. ஆர். லிக்லைடரைப் பற்றி எழுதத் துணிந்தேன்.

இவரைத் தேர்ந்தெடுத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. கணிப்பொறி என்றால் அது பொறியியல் கல்லூரியில் படிப்பவர்களின் சொத்து, அரசு கலைக் கல்லூரியில் வரலாறும் தமிழும் கணிதமும் படிக்கும் நமக்கு அதில் பங்கில்லை என்ற எண்ணம் நம்மில் பலருக்கு உண்டு. லிக்லைடர் பொறியாளர் அல்லர். அவர் முனைவர் பட்டம் பெற்றது உளவியலில். அவருடைய ஆய்வுப் பொருள் மனிதனின் காது.

ஜோசப் கார்ல் ராப்னெட் லிக்லைடர் 1915-ஆம் ஆண்டு மார்ச் 11 அன்று மிசௌரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸ் நகரில் பிறந்தார். பெற்றோருக்கு அவர் ஒரே பிள்ளை. தந்தை கிறித்தவ சமயப் போதகர். சிறு வயதில் விமான மாதிரிகள் செய்வதிலும், சற்று வளர்ந்த பின் பழைய மோட்டார் வண்டிகளைப் பிரித்துச் சீர்செய்வதிலும் அவருக்குப் பெரு விருப்பம். வண்டிப் பித்து கடைசி வரை அவரை விடவில்லை. செயின்ட் லூயிஸில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் இயற்பியல், கணிதம், உளவியல் ஆகிய மூன்றையும் முதன்மைப் பாடங்களாகக் கொண்டு 1937-இல் பட்டம் பெற்றார். ஒரு துறையில் நிலைக்காமல் மூன்றில் கால் வைக்கிறானே பிள்ளை என்று நம் ஊரிலானால் உறவினர்கள் கவலைப்பட்டிருப்பார்கள். அந்த மூன்று கால்களும் பின்னாளில் அவருக்கு வேண்டியிருந்தன. மறு ஆண்டே உளவியலில் முதுகலைப் பட்டம். 1942-இல் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம். பூனையின் மூளையில் எந்தச் சுருதி எந்த இடத்தில் பதிகிறது என்பதை மின்கருவிகளால் அளந்தறிவதே அவருடைய ஆய்வேடு. இணையத்தின் முன்னோடி எனப்படுபவர் தம் ஆராய்ச்சி வாழ்வைப் பூனையின் செவியில் தொடங்கினார் என்பதை நினைக்க எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

அப்போது இரண்டாம் உலகப் போர் நடந்து கொண்டிருந்தது. போர் விமானங்களுக்குள் எந்திரங்களின் இரைச்சல் காதைப் பிளக்கும். அந்த இரைச்சலில் வானொலி வழியே வரும் கட்டளைகள் விமானிக்குத் தெளிவாகக் கேட்பதில்லை. ஒரு சொல் தவறாகக் கேட்டால் உயிர் போகும். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஒலி உளவியல் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்த லிக்லைடர் இச்சிக்கலை எடுத்துக் கொண்டார். அவர் கண்ட முடிவு எளியது, ஆனால் எவரும் எதிர்பாராதது. பேச்சொலியின் அலையில் உயர்ந்து நிற்கும் முகடுகளை வெட்டி எறிந்துவிட்டாலும் பேச்சு புரிகிறது. முகடுகளை முழுவதுமாகவே வெட்டி, அலையை வெறும் மேலும் கீழுமான கட்டங்களாக்கி விட்டாலும்கூடப் பெரும்பாலும் புரிகிறது!

இதைத் தமிழ் இலக்கணம் படித்தவர்கள் நம்மைவிட எளிதில் விளங்கிக் கொள்வார்கள். உயிரொலி உரத்தது, நீண்டது. மெய்யொலி மெலிந்தது, அதற்கு அரை மாத்திரைதான். ஆனால் படம், தடம், வடம், கடம் என்னும் சொற்களைப் பாருங்கள். முதலில் வரும் உயிர் நான்கிலும் ஒன்றே. பொருளை மாற்றுவது அந்த மெலிந்த மெய்தான். அலையின் முகடுகளாக நிற்பவை பெரும்பாலும் உயிரொலிகள். அவற்றை வெட்டிக் குறைத்துவிட்டு, எஞ்சியதை ஒட்டுமொத்தமாக உரக்கச் செய்தால், இரைச்சலுக்கு அடியில் அமுங்கிக் கிடந்த மெய்கள் மேலே வந்துவிடுகின்றன. மனிதர்க்கு மனிதர் செய்தி போய்ச் சேருவதில் எது தேவை, எதை விட்டுவிடலாம் என்ற கேள்வியை அவர் அன்றே பிடித்துக் கொண்டார். வாழ்நாள் முழுதும் அவர் கேட்டது அதே கேள்விதான் என்பது என் கருத்து.

1950-இல் அவர் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்துக்கு, அதாவது எம்.ஐ.டி.க்கு வந்தார். மறு ஆண்டு, சுருதியைக் காது எப்படி உணர்கிறது என்பது பற்றி அவர் வெளியிட்ட கொள்கை, கேள்விப்புலன் ஆராய்ச்சியாளர்களிடையே இன்றும் பேசப்படுவது. 1958-இல் அமெரிக்க ஒலியியல் கழகத்தின் தலைவராகவும் இருந்தார். அவர் அத்துறையிலேயே நின்றிருந்தாலும் பெயர் பெற்ற பேராசிரியராகவே ஓய்வு பெற்றிருப்பார்.

அவரைத் திசை திருப்பியது ஒரு திரை. சோவியத் ஒன்றியம் 1949-இல் அணுகுண்டு வெடித்துப் பார்த்த பின், அமெரிக்கா தன் வான் எல்லையைக் காக்க ரேடார்களையும் கணிப்பொறிகளையும் இணைத்து ஒரு பெரும் அமைப்பை உருவாக்கத் தொடங்கியது. சேஜ் என்பது அதன் பெயர். அதற்காகவே எம்.ஐ.டி.யின் லிங்கன் ஆய்வுக்கூடம் எழுந்தது. அங்கே ஒரு வீரர் திரையின் முன் அமர்ந்து, அதில் தோன்றும் புள்ளியை ஒளித்துப்பாக்கி ஒன்றால் சுட்டிக் காட்டினால், கணிப்பொறி உடனே அந்தப் புள்ளியைப் பற்றிய விவரத்தைக் காட்டும். மனிதர் கேட்க எந்திரம் அந்நொடியே விடை சொல்லும் இந்த ஏற்பாட்டை, மனிதர் பக்கத்திலிருந்து ஆராயும் உளவியலாராக லிக்லைடர் கண்டார்.

அக்காலத்தில் கணிப்பொறி வைத்திருந்த மற்ற இடங்களில் நிலைமை எப்படி இருந்தது என்று அறிந்தால்தான் இதன் அருமை விளங்கும். கணக்கைத் துளை அட்டைகளில் பதித்துக் கட்டாகக் கட்டி, ஒரு சாளரத்தில் கொடுக்க வேண்டும். உள்ளே இருப்பவர் வரிசைப்படி எந்திரத்தில் இடுவார். விடை மறுநாள் வரும். ஓர் அட்டையில் ஒரு குறி தவறியிருந்தால் விடை வராது, பிழை என்ற சீட்டு வரும். திருத்தி மீண்டும் கொடுத்துவிட்டு மீண்டும் மறுநாள் வர வேண்டும். சாதிச் சான்றிதழுக்கும் வருமானச் சான்றிதழுக்கும் அலைந்தவர்களுக்கு இந்த முறையை நான் மேலும் விளக்க வேண்டியதில்லை.

1957-இல் லிக்லைடர் பல்கலைக்கழக வேலையை விட்டு, போல்ட் பெரானெக் அண்ட் நியூமன் என்ற நிறுவனத்தில் துணைத் தலைவராகச் சேர்ந்தார். அரங்குகளின் ஒலியமைப்பை வகுத்துத் தரும் நிறுவனம் அது. நியூயார்க்கில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை அரங்கத்தின் ஒலியமைப்பைக் கவனித்ததும் அதுவே. அங்கே போய்ச் சேர்ந்த சிறிது காலத்தில், கணிப்பொறி ஒன்று வாங்க ஏறத்தாழ 30,000 டாலர் வேண்டும் என்று முதலாளியிடம் கேட்டார். எதற்கு என்று முதலாளி பெரானெக் வினவினார். எதற்கென்று தெரியாது, ஆனால் வருங்காலத்தில் இந்நிறுவனம் சிறந்து விளங்க வேண்டுமானால் கணிப்பொறி இல்லாமல் முடியாது என்பது லிக்லைடரின் விடை. பணம் கிடைத்தது. எதற்கென்று தெரியாத பொருளுக்குப் பணம் தரும் முதலாளியும் இருந்தாரே! பின்னர், டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தார் செய்த முதல் பி.டி.பி.-1 கணிப்பொறியும் அங்கேயே வந்து சேர்ந்தது. திரையும் தட்டச்சுப் பலகையும் கொண்ட அந்த எந்திரத்தின் முன்னால் அவர் மணிக்கணக்கில் அமர்ந்திருப்பார்.

அதே 1957-இன் இளவேனிலிலும் கோடையிலும் அவர் செய்த ஒரு சிறு சோதனை என்னை மிகவும் கவர்ந்தது. அதற்கு ஆய்வுக்கூடமோ கருவியோ தேவைப்படவில்லை. தாம் சிந்திக்கும் நேரம் என்று நினைத்துக் கொண்டிருக்கும் நேரத்தில் உண்மையில் என்ன செய்கிறோம் என்று தம்மைத் தாமே கவனித்துக் குறித்துக் கொண்டார். விடை அவருக்கே அதிர்ச்சி தந்தது. நேரத்தில் 85 விழுக்காடு சிந்தனைக்கு முந்திய ஏற்பாடுகளிலேயே போயிற்று: தேடுவது, கணக்கிடுவது, வரைபடம் போடுவது, போட்டதை மாற்றிப் போடுவது. பேச்சொலிக்கும் இரைச்சலுக்கும் உள்ள உறவைப் பற்றிப் பல ஆய்வாளர்கள் கண்ட முடிவுகளை ஒப்பிட வேண்டியிருந்தது. ஒவ்வொருவரும் ஒவ்வோர் அளவுமுறையைக் கையாண்டிருந்தனர். எல்லாவற்றையும் ஒரே அளவுக்குக் கொண்டுவரப் பல மணி நேரம் ஆயிற்று. கொண்டு வந்து ஒரே தாளில் வரைந்த பின், அவர் அறிய வேண்டியதை அறியச் சில நொடிகளே ஆயின. இதைவிட அவரைச் சுட்டது வேறொன்று. எந்த ஆய்வை மேற்கொள்வது, எதைக் கைவிடுவது என்ற முடிவுகளைக்கூட அறிவின் தகுதி பார்த்து எடுக்காமல், எழுத்தர் வேலை எவ்வளவு ஆகும் என்று பார்த்தே எடுத்து வந்திருக்கிறோம் என்று அவர் உணர்ந்தார்.

இந்தச் சோதனையை நம் விடுதி மாணவர்கள் ஒரு வாரம் செய்து பார்க்கலாம். தேர்வுக்கு முந்திய வாரமாக இருந்தால் நன்று.

மனிதன்-கணிப்பொறி இணைவாழ்வு என்னும் பொருள் பற்றி 1960 மார்ச்சில் அவர் வெளியிட்ட கட்டுரை இந்த அனுபவத்திலிருந்து பிறந்தது. அதை அவர் ஓர் அத்தி மரத்தில் தொடங்குகிறார். அத்தியின் மகரந்தச் சேர்க்கை ஒரு சிறு குளவியால்தான் நடைபெறுகிறது. அந்தக் குளவியின் முட்டையும் புழுவும் வளர்வது அத்திக்குள்ளேயே. குளவியின்றி மரம் காய்க்காது. மரமின்றிக் குளவி வாழாது. அத்தி பூத்தாற் போல என்று நாம் சொல்லும் வழக்கு இதனோடு தொடர்புடையது. அத்தி பூப்பதை யாரும் காண்பதில்லை. ஏனெனில் பூக்கள் அனைத்தும் நாம் காய் என்று கருதும் உருண்டைக்குள் மறைந்திருக்கின்றன. அந்த மறைவான பூவைத் தேடி நுழைகிற குளவியைப் போல மனிதனும் கணிப்பொறியும் ஒன்றையொன்று சார்ந்து வாழ வேண்டும் என்பதே லிக்லைடரின் கருத்து. குறிக்கோளை வகுப்பதும், கேள்வி எழுப்புவதும், இது சரி இது தவறு என்று தீர்ப்பதும் மனிதன் வேலை. தேடுவதும் கூட்டுவதும் வரைவதும் எந்திரத்தின் வேலை. அந்த 85 விழுக்காட்டை எந்திரம் ஏற்றுக் கொண்டால் மனிதன் எஞ்சிய 15-ஐ முழு மனத்தோடு செய்யலாம் அல்லவா?

எந்திரமே சிந்திக்கும் காலம் வரலாம் என்பதையும் அவர் மறுக்கவில்லை. அதற்கு இடைப்பட்ட காலத்தில் மனிதனும் எந்திரமும் சேர்ந்து உழைப்பதே அறிவு வரலாற்றில் மிகச் சிறந்த காலமாக இருக்கும் என்று கருதினார். அந்த இடைக்காலம் பத்து ஆண்டாகவும் இருக்கலாம், ஐந்நூறு ஆண்டாகவும் இருக்கலாம் என்று எழுதினார். செயற்கை நுண்ணறிவு பற்றி ஊரெங்கும் பேச்சாக இருக்கும் இந்நாளில், அந்தக் கட்டுரையை எடுத்துப் படிப்பவர்க்கு அது அறுபது ஆண்டுகளுக்கு மேற்பட்டதாகத் தோன்றாது. அகன்ற தொடர்புக் கம்பிகளால் பிணைக்கப்பட்ட சிந்தனை நிலையங்கள் பற்றிய குறிப்பும் அதில் இருக்கிறது. வலைப்பின்னலின் விதை அது.

விதை ஊன்ற நிலம் 1962 அக்டோபரில் கிடைத்தது. ஸ்புட்னிக் பறந்த அதிர்ச்சியில் 1958-இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை தொடங்கிய உயர் ஆராய்ச்சித் திட்ட அமைப்பு, சுருக்கமாக ஆர்ப்பா, தன் கணிப்பொறி ஆராய்ச்சிப் பிரிவுக்குத் தலைவராக அவரை அழைத்தது. போர்க்களக் கட்டளைகளுக்குக் கணிப்பொறியைப் பயன்படுத்தும் வழி காண வேண்டும் என்பது அவருக்கு இடப்பட்ட பணி. மனிதனோடு எந்திரம் நேரே உரையாடும் நிலை வராமல் அப்பணி நடக்காது என்று மேலிடத்தாரை நம்ப வைத்து, பணத்தைப் பல்கலைக்கழகங்களின் பக்கம் திருப்பினார் லிக்லைடர். எம்.ஐ.டி.யில் மேக் திட்டம் 1963-இல் தொடங்கியது. அதற்கு ஏறத்தாழ இருபது லட்சம் டாலர். ஸ்டான்ஃபோர்டில் ஜான் மெக்கார்த்திக்கு, கார்னகியில் ஆலன் நியூவெல், ஆலன் பெர்லிஸ் ஆகியோர்க்கு, பெர்க்லியில் ஒரு குழுவுக்கு என்று பணம் போயிற்று. கலிஃபோர்னியாவில் பலரும் பொருட்படுத்தாத டக்ளஸ் எங்கல்பார்ட் என்பவர்க்கும் அவர் உதவினார். இன்று மேசைதோறும் இருக்கும் சுட்டெலியை உலகுக்குத் தந்தவர் இந்த எங்கல்பார்ட்தான்.

இவ்விடங்களிலெல்லாம் நடந்தது காலப் பங்கீடு என்னும் முறை. ஒரே பெரிய கணிப்பொறியின் முன் பலர் ஒரே நேரத்தில் அமர்கிறார்கள். எந்திரம் ஒருவர்க்கு நொடியில் ஒரு சிறு பகுதியை ஒதுக்கி, அடுத்தவரிடம் போய், சுற்றி வந்துவிடுகிறது. மனிதன் மெதுவானவன், எந்திரம் விரைவானது. எனவே ஒவ்வொருவரும் எந்திரம் தமக்கே சொந்தம் என்று நினைத்துக் கொள்கிறார்கள். பந்தியில் ஒரே ஆள் சாம்பார் வாளியோடு சுற்றி வந்து ஐம்பது இலையைக் கவனித்துக் கொள்வதில்லையா? கை வேகமாக இருந்தால் எந்த இலையும் காத்திருப்பதாகத் தோன்றாது.

இந்தக் காலப் பங்கீட்டால் எதிர்பாராத ஒன்று விளைந்தது. ஒரே எந்திரத்தைப் பகிர்ந்து கொண்டவர்கள் ஒருவர் எழுதிய நிரலை மற்றவர் எடுத்துப் பயன்படுத்தினார்கள்; ஒருவர்க்கொருவர் செய்தி வைத்தார்கள்; நண்பர்களானார்கள். ஆனால் ஊருக்கு ஊர் எந்திரம் வேறு, மொழி வேறு. பாஸ்டனில் உள்ளவர் எழுதியது கலிஃபோர்னியாவில் ஓடாது. 1963 ஏப்ரல் 23 அன்று லிக்லைடர் தம் ஆய்வாளர்கள் எல்லாருக்கும் ஒரு சுற்றறிக்கை எழுதினார். நட்சத்திர மண்டலங்களுக்கிடையிலான கணிப்பொறி வலைப்பின்னலின் உறுப்பினர்களுக்கு என்று வேடிக்கையாக விளித்து எழுதப்பட்டது அது. தொடக்கம் சாதாரணமானது: மே 3-ஆம் தேதிக் கூட்டத்தைத் தள்ளி வைக்க நேர்ந்ததற்கு வருத்தம் தெரிவிக்கிறார். பிறகு விஷயத்துக்கு வருகிறார். ஒன்றையொன்று அறியாத எந்திரங்கள் பேசத் தொடங்க வேண்டுமானால், நீ எந்த மொழி பேசுகிறாய் என்று முதலில் கேட்பது எப்படி? முற்றிலும் வேறான கோள்களில் வாழும் அறிவுள்ள உயிர்கள் சந்தித்தால் எப்படிப் பேசும் என்று விஞ்ஞானக் கதை எழுதுவோர் அலசும் சிக்கல்தான் இது என்று அவர் ஒப்பிட்டார். கூட்டம் தள்ளிப்போனதை அறிவிக்கும் ஒரு அலுவலகக் கடிதத்தில் இணையத்தின் அடிப்படைக் கேள்வி எழுந்துவிட்டது!

ஒன்றை இங்கே ஒளிவின்றிச் சொல்ல வேண்டும். இப்பணம் அனைத்தும் ராணுவப் பணம். பனிப்போர் அச்சத்தில் ஒதுக்கப்பட்டது. அதனால் எழுந்த அறிவை எப்படிப் பார்ப்பது என்று எங்கள் துறையில் விவாதித்தபோது கருத்துகள் இரண்டாகப் பிரிந்தன. என் எண்ணம் இது: அவர் பணத்தைப் பூட்டிய சுவர்களுக்குள் செலவிடாமல் மாணவர்கள் நடமாடும் கூடங்களில் செலவிட்டார். அங்கே கற்றவர்கள் உலகெங்கும் பரவினார்கள். கற்றதை இதழ்களில் எழுதினார்கள். ஆயினும் ராணுவத்துக்கு அச்சம் இல்லாதிருந்தால் அப்பணம் வந்திருக்குமா என்ற கேள்வி நெருடலாகவே இருக்கிறது. இந்நெருடலை அமெரிக்க நாடாளுமன்றமே 1969-இல் வேறு வழியில் எழுப்பியது. ராணுவ நோக்கத்தோடு நேரடித் தொடர்பில்லாத ஆராய்ச்சிக்குப் பாதுகாப்புத் துறை பணம் தரலாகாது என்று மான்ஸ்ஃபீல்டு திருத்தம் கட்டுப்பாடு விதித்தது. அதன் சூடு லிக்லைடரைப் பின்னர்த் தாக்கியது.

1964-இல் தம் இடத்தை ஐவன் சதர்லாண்டு என்னும் இளைஞரிடம் ஒப்படைத்துவிட்டு, ஐ.பி.எம். நிறுவனத்தின் வாட்சன் ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார். அங்கே அவருக்கு மனம் ஒட்டவில்லை என்றே தோன்றுகிறது. மேக் திட்டத்தார் தம் அடுத்த பெரிய எந்திரத்துக்கு ஐ.பி.எம்.மை விட்டு ஜெனரல் எலக்ட்ரிக்கை நாடியதும் அதே ஆண்டில்தான். சில ஆண்டுகளில் எம்.ஐ.டி.க்கே திரும்பி, 1968 முதல் 1970 வரை மேக் திட்டத்தின் இயக்குநராக இருந்தார். நிர்வாகம் அவருக்குப் பிடித்தமானதன்று.

இடையில் 1965-இல் வெளிவந்தது வருங்கால நூலகங்கள் பற்றிய அவர் நூல். 2000-ஆம் ஆண்டில் நூலகம் எப்படி இருக்கும் என்று ஆராயும்படி ஓர் அறக்கட்டளை கேட்டுக் கொண்டதன் விளைவு அது. அச்சிட்ட பக்கத்தை அவர் குறை சொல்லவில்லை. கண்ணுக்கு அது இனியது. பக்கங்களைச் சேர்த்துக் கட்டிய புத்தகமும், புத்தகங்களை அடுக்கிய அலமாரியும்தான் இடர் என்றார். வேண்டிய ஒரு பத்திக்காக முழுப் புத்தகத்தைச் சுமக்க வேண்டும். ஒருவர் எடுத்துப் போனால் மற்றவர்க்கு இல்லை. எனவே மேசையின் முன் அமர்ந்து வினாத் தொடுத்தால் அறிவுத் தொகுதியே விடை தரும் ஏற்பாட்டை அவர் வருணித்தார்.

வலைப்பின்னலைக் கட்டியவர்கள் வேறு சிலர். அவர்க்குரிய புகழை இவர்க்குச் சூட்டுவது முறையாகாது. செய்தியைச் சிறு பொட்டலங்களாக்கி அனுப்பும் வழியை அமெரிக்காவில் பால் பாரனும் இங்கிலாந்தில் டொனால்டு டேவிசும் தனித்தனியே கண்டனர். ஆர்ப்பாவில் இவருக்குப் பின் வந்தவர்களுள் ஒருவரான ராபர்ட் டெய்லரின் அலுவலகத்தில் மூன்று தட்டச்சுக் கருவிகள் இருந்தன. மூன்றும் மூன்று ஊர்களின் கணிப்பொறிகளோடு இணைந்தவை. ஒன்றில் பேசியது மற்றொன்றுக்குக் கேட்காது. ஒரே கருவி போதாதா என்று அவர் 1966-இல் மேலிடத்தில் கேட்டுப் பத்து லட்சம் டாலர் பெற்றார். லாரன்ஸ் ராபர்ட்ஸ் திட்டம் வகுத்தார். இணைப்பு எந்திரங்களைச் செய்து தந்தது லிக்லைடரின் பழைய நிறுவனமே. 1969 அக்டோபர் 29 இரவு லாஸ் ஏஞ்சல்ஸ் பல்கலைக்கழகத்திலிருந்து ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையத்துக்கு முதற் செய்தி போயிற்று. இரண்டு எழுத்துகள் சென்றதும் எதிர்முனை எந்திரம் நின்றுவிட்டது. பிறகு சரி செய்தார்கள். ஆண்டு முடிவதற்குள் நான்கு இடங்கள் இணைந்தன. டெய்லர், ராபர்ட்ஸ் இருவருமே தமக்கு இந்த எண்ணம் வந்தது லிக்லைடரிடமிருந்துதான் என்று பிற்காலத்தில் சொல்லி வந்தனர்.

அந்த இணைப்பு நடப்பதற்கு முந்திய ஆண்டில், 1968 ஏப்ரலில், லிக்லைடரும் டெய்லரும் சேர்ந்து கணிப்பொறியை ஒரு தொடர்புக் கருவியாகக் காணும் கட்டுரை ஒன்று எழுதினர். ஒரே ஊரில் வாழ்வதால் அல்லாமல் ஒரே ஆர்வத்தால் மக்கள் குழுக்களாகச் சேர்வார்கள் என்று அதில் முன்கூட்டிச் சொல்லியிருந்தனர். வாட்ஸ்அப் குழுக்களில் காலை வணக்கம் அனுப்புவோர் அவர்கள் கணக்கில் இருந்தார்களா என்பது தெரியவில்லை! ஆனால் அக்கட்டுரையின் இறுதிப் பகுதியில் அவர்கள் எழுப்பிய ஒரு கேள்வியை நான் பலமுறை படித்தேன். இந்த இணைப்பு சிலரின் சலுகையாக இருக்கப் போகிறதா, எல்லாரின் உரிமையாக இருக்கப் போகிறதா என்பது அக்கேள்வி. சலுகை பெற்ற ஒரு பிரிவினர்க்கு மட்டுமே அது கிட்டுமானால், அறிவில் ஏற்கெனவே உள்ள ஏற்றத்தாழ்வை அது மேலும் பெருக்கும் என்று அஞ்சினர்.

உலகில் ஓர் இடத்திலும் அந்த வலைப்பின்னல் ஓடத் தொடங்காத காலத்தில் எழுந்த அச்சம் இது. 2020-ஆம் ஆண்டு ஊரடங்கில் பள்ளிகள் மூடி வகுப்புகள் கைப்பேசிக்கு வந்தபோது அதன் பொருளை நான் நேரில் அறிந்தேன். எங்கள் வீட்டில் ஒரே கைப்பேசி; படிக்கிறவர்கள் மூவர். அப்பா வேலைக்குப் போகும்போது அதையும் எடுத்துப் போவார். இரவு எட்டு மணிக்கு மேல்தான் முறை வைத்து எங்களுக்கு வரும். அக்காவுக்குப் பொதுத் தேர்வு என்பதால் முதல் முறை அவளுக்கு. அலைவரிசைக்காக மாடிப் படியின் உச்சியில் உட்கார வேண்டும். எங்கள் தெருவில் ஒரு பையனுக்கு அதுவும் இல்லை. அவன் அந்த ஆண்டோடு படிப்பை விட்டு ஒரு மெக்கானிக் கடையில் சேர்ந்தான். இன்று நம் வகுப்பில் கைப்பேசி இல்லாதவர் அரிது. ஆனால் ஒரு மாதத் தரவு தீர்ந்துவிட்டால் ஒதுங்கி அமர்கிறவர்களை ஒவ்வொரு துறையிலும் பார்க்கிறேன். லிக்லைடரின் கேள்விக்கு இன்னும் விடை எழுதப்படவில்லை.

1974-இல் ஆர்ப்பா அவரை மீண்டும் அழைத்தது. காலம் மாறியிருந்தது. 1972-லேயே அமைப்பின் பெயருக்கு முன் பாதுகாப்பு என்ற சொல் சேர்ந்துவிட்டது. ஒவ்வோர் ஆய்வும் ராணுவத்துக்கு என்ன பயன் தரும், எப்போது தரும் என்று கணக்குக் கேட்டார்கள். நல்லவர்களைத் தேர்ந்து பணத்தைக் கொடுத்துவிட்டுக் குறுக்கே வராமலிருப்பதே லிக்லைடர் அறிந்த நிர்வாகம். 1975-இல் புதிதாக வந்த தலைவர் ஜார்ஜ் ஹைல்மையரோடு கருத்து வேறுபாடு முற்றி, அவ்வாண்டே எம்.ஐ.டி.க்குத் திரும்பினார்.

அங்கே அவர் மாணவர்களோடு மாணவராக நிரல் எழுதினார். எல்லாரும் அவரை லிக் என்றே அழைப்பார்கள். அவருக்கு அதுவே விருப்பம். தம் கருத்தைப் பிறர் தம்முடையதென்று சொல்லிக் கொண்டாலும் மகிழ்வார் என்று அவரோடு பழகியவர்கள் எழுதியிருக்கிறார்கள். அவர் சார்ந்திருந்த குழுவின் இளைஞர்கள் நால்வர் 1977-இல் சோர்க் என்ற எழுத்து விளையாட்டை உருவாக்கினார்கள். வாளெடு, கதவைத் திற என்று தட்டச்சு செய்தால் எந்திரம் கதை சொல்லிக் கொண்டே போகும். 1979-இல் அவர்கள் இன்ஃபோகாம் என்ற நிறுவனம் தொடங்கியபோது, அறுபதைத் தாண்டிய பேராசிரியரும் நிறுவனர்களுள் ஒருவராகச் சேர்ந்து கொண்டார்.

1985-இல் ஓய்வு பெற்றார். நெடுநாளாக ஆஸ்துமா அவரை வருத்தி வந்தது. 1990-ஆம் ஆண்டு ஜூன் 26 அன்று மாசசூசெட்ஸின் ஆர்லிங்டன் நகரில் தம் 75-ஆம் வயதில் காலமானார். அதற்கு நான்கு மாதம் முன்பு, பிப்ரவரி 28 அன்று, ஆர்ப்பாநெட் என்னும் அந்த முதல் வலைப்பின்னல் நிறுத்தப்பட்டிருந்தது. அதன் வேலையைப் பெரிய வலைப்பின்னல்கள் ஏற்றுக் கொண்டிருந்தன. நூலகம் பற்றிய நூலில் அவர் குறித்து வைத்த 2000-ஆம் ஆண்டு வர இன்னும் பத்து ஆண்டுகள் இருந்தன.